கோடாக விழுந்த தீ

சூரியனைத் திட்டுகிற மனிதரை என் வாழ்நாளில் ஒருவரைத்தான் கண்டிருக்கிறேன். பொழுது சாயத் தொடங்கியதும் மேற்கே திரும்பி நின்று, "இன்னுங் கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போனா உனக்கென்ன கேடு" என்பார். மேகம் வந்தால் மேகத்துக்கு வசவு. பனி ஏறினால் மொத்தக் கொல்லிமலைக்கும் வசவு. இவற்றில் எதுவும் இல்லாத நாளில், பக்கத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்ற எனக்கு வசவு.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் நாலு பேர் அவரைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார்கள். அந்தப் பெருமையை என் கையால் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. மலையில் எல்லோரும் படக்காரர் என்றுதான் கூப்பிட்டோம். அதுவே போதும்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. அதில் தேவனூர் நாட்டின் ஓரத்தில், பள்ளத்தை எட்டிப் பார்க்கிற ஒரு பாறை விளிம்பில் சர்க்கார் ஒரு கொட்டகை போட்டிருந்தது. போகிற வருகிற விமானம் நம்முடையதா எதிரியுடையதா என்று பார்த்துச் சொல்வதற்கு. அடிவாரத்துப் பள்ளிக்கூடத்தில் நாலெழுத்துப் படித்தவன் என்று என்னையும், இன்னும் சில மலைக்காரர்களையும் காவலுக்கு எடுத்தார்கள். சத்தம் எங்கள் காதுக்கு முதலில் கேட்கும், அதில் குறையில்லை. ஆனால் கண்ணால் பார்த்ததைச் சொல்லச் சொன்னால் ஒருவன் இரண்டு விசிறி என்பான், அடுத்தவன் நாலு என்பான், அப்புறம் இரண்டு பேரும் சண்டை போடுவார்கள். அதிகாரிக்கு அலுத்துப் போயிற்று. படமே எடுத்துவிட்டால் தகராறு இல்லை என்று இந்தப் படக்காரரை மலையேற்றிக் கொண்டுவந்து, பெட்டி தூக்க என்னை அவரிடம் விட்டார்.

விமானங்கள் பெரும்பாலும் பொழுது சாய்கிற நேரத்தில், மசங்கல் வெளிச்சத்தில்தான் வரும். பள்ளத்தின் வழியாக, எங்கள் கண் மட்டத்துக்கே வந்து போகும். அந்த வெளிச்சத்தில் படம் விழ வேண்டுமானால் காமிராவின் ஷட்டர் சாவகாசமாகத் திறந்து மூட வேண்டும். சாவகாசமாகத் திறந்தால் ஓடுகிற விமானம் வெறும் புகைபோல இழுபட்டுப் போகும். இதற்கு அவர் கண்ட வழி, விமானம் ஓடுகிற வேகத்துக்கே தானும் காமிராவோடு திரும்புவது. காலை அகட்டி ஊன்றிக்கொண்டு இடுப்புக்கு மேலே மட்டும் திரும்புவார். செக்கு சுற்றுவது போல ஒரே சீராக இருக்கும்.

"பிளேன் வந்தப்புறம் திரும்பறவன் முட்டாள். வாரதுக்கு முன்னாலயே திரும்பிட்டு இருக்கோணும். அமுக்குனதுக்கப்புறமும் நிக்கக் கூடாது, அது பாட்டுக்குத் திரும்பிட்டே இருக்கோணும்" என்பார். ஒருநாள் நல்ல மனநிலையில் இருந்தபோது, "ஓடறதப் புடிச்சு நிறுத்தறவன் போலீஸ்காரன். நான் அது கூடவே போறவன்" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் மெச்ச வேண்டுமாம். நான் மெச்சவில்லை.

மெச்சாததற்குக் காரணம் இருந்தது. விமானம் வராத நாட்களில் அவருக்குக் கை பழக வேண்டும். பருந்தைப் பின்தொடர்ந்து திரும்புவார். சோளக்காட்டுச் சந்தைக்குப் பலாப்பழம் சுமந்து போகிற பெண்களை, வெறுங் காமிராவைத் தூக்கிப் பிடித்துத் தொடர்வார். அவர்கள் முறைத்தால் அது அவர் கண்ணில் படாது. எல்லாம் போதாமல் ஒருநாள் என் இரண்டு கையையும் விரித்து, விமானத்து இறக்கை மாதிரி தோளின் மேல் ஒரு மூங்கிலைக் கிடத்திக் கட்டி, பாறை மேல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடச் சொன்னார். நான் கல்யாணமானவன். ஒரு பிள்ளைக்குத் தகப்பன். நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தான் ஆக வேண்டும் என்று ஓடினேன். நிஜமாகவே குரைக்கவும் வேண்டியிருந்தது. "சத்தம் போட்டுட்டு வா. சத்தம் வந்தாத்தான நான் திரும்ப ஆரம்பிக்க முடியும்" என்றார். ஊரே வேலியோரம் நின்று சிரித்தது. என் பெண்டாட்டி இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

அதையும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது கண்ணாடி. படம் விழுவது அப்போதெல்லாம் கண்ணாடித் தகட்டில். ஓடைத் தண்ணீரில் கழுவி எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். விமானத்தின் மூக்கு துல்லியமாக இல்லையென்றால் அதே இடத்தில் பாறையில் அடித்து உடைப்பார். பத்துக்கு ஒன்பது உடையும். நாங்கள் செருப்புப் போடாத ஜனம். மாடு மேய்கிற பாறை அது. சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தவன் நான். "வேற பக்கமாப் போயி ஒடைங்களேனுங்க" என்று ஒருமுறை கேட்டேன். "எங்கியோ பாத்துட்டே இருந்தேன், நீ என்னவோ சொன்னே" என்றார். அவர் பார்ப்பது ஒன்றே ஒன்று. அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம், மரமாகட்டும் மனுசனாகட்டும், அவருக்கு வெறும் இழுபட்ட கோடு.

இந்தக் குணம் ஒரு குடும்பத்தின் தலையில் வந்து விழுந்த கதைக்கு வருகிறேன்.

எங்கள் மலையில் மழைக்கு முன்னால், ஏர் பூட்ட முடியாத சரிவில் கொத்தி விதைக்கிற கொத்துக்காட்டுப் புதரை வெட்டிக் காயப்போட்டு, சாயங்காலம் காற்று அடங்கினதும் கொளுத்துவோம். ஆளுக்கு ஒரு நாளில் கொளுத்தினால் ஒருவன் தீ இன்னொருவன் காட்டுக்குள் நுழைந்துவிடும். ஆகவே ஊர் முழுக்க ஒரே சாயங்காலம். முதல் தீயை யார் வைப்பது என்று கோயிலில் பூப்போட்டுக் கேட்போம். சாமி யாருக்கு உத்தரவு கொடுக்கிறதோ அவன் காட்டில் முதலில் தீ வைத்து, மற்றவர்கள் அங்கிருந்து கொள்ளி எடுத்துப் போவார்கள். அது பெரிய மரியாதை. கொளுத்தின கைதான் அந்தக் காட்டில் முதல் பிடி விதைக்க வேண்டும் என்பதும் முறை. வேற்றுக் கை போட்டால் விளையாது.

அந்த வருஷம் பள்ளத்துக்கு எதிர்ச்சரிவில், ஆலத்தூர் நாட்டில், பூ கொடுத்தது என் மச்சானுக்கு. என் அக்காவின் புருஷன். அதிர்ந்து பேசத் தெரியாத மனுசன். தலைப்பாகையைத் துவைத்துக் கட்டிக்கொண்டு போய்த் தீ வைத்தார். விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன்னாலேயே சரிவெங்கும் தனித்தனியாகத் தீ எரிந்தது. இருட்டுகிறதற்குள் எல்லாம் அணைந்தும் போயிற்று. ராத்திரியில் வெளியே வெளிச்சம் காட்டக் கூடாது என்ற சர்க்கார் உத்தரவு எங்களுக்கும் தெரியும்.

அந்தத் தீ எரிந்துகொண்டிருந்தபோதுதான் ஒரு விமானம் வந்தது. படக்காரர் திரும்பினார். அமுக்கினார். அமுக்கின பிறகும் திரும்பிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் அந்தக் கண்ணாடியை அவர் உடைக்கவில்லை. காகிதத்தில் போட்டுக் கொண்டுவந்து காட்டினார். என்ன சொன்னாலும் அது படம்தான். விமானத்தின் மூக்கு, இறக்கையில் இருந்த நம் பக்கத்து வட்ட அடையாளம், சன்னலுக்குள் ஒரு தலை, எல்லாம் தெளிவாக இருந்தன. பின்னால் மலை முழுக்க இழுபட்டு, ஒவ்வொரு தீயும் நீண்டு, ஒன்றோடொன்று ஒட்டி, சரிவின் குறுக்கே ஒரு பெரிய நெருப்புக் கோடாக ஓடியது. வெளிச்சம் போதாததால் சாயங்காலம் நடு ராத்திரி போல விழுந்திருந்தது. அவர் கண்ணில் தண்ணீர். ஒரு சாப்பாட்டு நேரம் முழுக்க யாரையும் திட்டவில்லை.

அதிகாரி வந்து படத்தை வாங்கிப் பார்த்தார். விமானத்தைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு விரலை நெருப்புக் கோட்டின் மேல் வைத்தார்.

"இது என்னய்யா?"

"காடு கொளுத்தறாங்க" என்றார் படக்காரர்.

"கோடு போட்ட மாதிரியா? இது இப்படியே இருந்துச்சா, இல்ல உன் படத்துல ஏதும் கோளாறா?"

கோளாறு என்ற வார்த்தையை அதிகாரி சொல்லியிருக்கக் கூடாது. படக்காரர் நிமிர்ந்தார். "என்ற படத்துல இல்லாதது விழாதுங்க" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்துக்காக அவரை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. நம் விமானம் போகிற வழியை எதிரிக்குக் காட்டத்தான் ராத்திரியில் இப்படிக் கோடு கிழித்துத் தீ வைத்திருக்கிறார்கள் என்று அதிகாரி முடிவு கட்டினார். ஆட்களோடு எதிர்ச்சரிவுக்குப் போய், முதலில் தீ வைத்தது யார் என்று கேட்டார். எங்கள் ஜனத்துக்கு அது மரியாதைக் கேள்வியாகத் தெரிந்தது. ஊரே பெருமையாக என் மச்சானைக் கை காட்டியது. அவரும் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, "நாந்தாங்க, சாமி எனக்குத்தான் பூக் குடுத்துச்சுங்க" என்று முன்னால் வந்து நின்றார். கையைக் கட்டி மலையிறக்கிக் கொண்டு போனார்கள்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். நான் நேராகப் படக்காரரிடம் போனேன்.

"தீயெல்லாம் தனித்தனியா எரிஞ்சுதுங்க. நீங்க திரும்புனதுல இழுபட்டுக் கோடாச்சு. இத ஒரு வார்த்த சொன்னாப் போதுமுங்க."

"உனக்கு வெவரம் புரியாது. இழுபட்டுப் போச்சுன்னு சொன்னா, படத்தையே நம்ப முடியாதுன்னு ஆயிரும். கொட்டாயும் இல்ல, படமும் இல்லன்னு தொரத்தி உட்ருவாங்க. யுத்த காலத்துல வேற எங்க போயி நான் பிளேனு எடுக்கறது? வெளிய எடுத்தா என்னையவே புடிச்சு உள்ள போட்ருவான்."

"அதுக்கு என்ற மச்சான் உள்ள இருக்கோணுமாங்க?"

"நாலு நாள் விசாரிச்சு உட்ருவாங்க" என்று சொல்லிவிட்டு லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தார். என் கை பரபரத்தது. வேலைக்கு வந்த இடம் என்று அடக்கிக்கொண்டேன். அடக்கியிருக்க வேண்டியதில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

நாலு நாள் என்றது ஒரு வாரம் போய் இன்னொரு வாரமும் போயிற்று. முதல் மழை எந்தச் சாயங்காலமும் இறங்கலாம். மச்சான் வராவிட்டால் அக்காவின் காட்டில் விதை விழாது. விதை விழாவிட்டால் அடுத்த அறுப்பு வரைக்கும் அந்த வீட்டில் சாமையும் கிடையாது, கேழ்வரகும் கிடையாது.

எங்கள் குடும்பத்தில் கோபத்தை எனக்கும் பொறுமையை அக்காவுக்கும் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். அவள் வந்தாள். அழவில்லை, காலில் விழவில்லை. சாயங்காலம் விமானச் சத்தம் கேட்டதும், படக்காரர் காமிராவைத் தூக்கிய இடத்துக்கு எதிரே போய் நின்றாள்.

"அம்மிணி, அக்கட்டப் போ. பிளேன் வருது."

"வரட்டுங்க."

"மறைக்காத, போன்னு சொல்றேன்."

"என்ற ஆளக் கூட்டியாந்து உடச் சொல்லுங்க சாமி. நான் ஒதுங்கிக்கறேன்."

விமானம் போய்விட்டது. அடுத்த சாயங்காலமும் வந்தாள். அவர் இடம் மாறினால் அவளும் மாறினாள். அவர் திரும்பினால், அவளும் பாறை விளிம்போடு அதே வேகத்தில் நடந்து லென்ஸுக்கு எதிரிலேயே இருந்தாள். அவர் கத்தின கத்தில் காக்கை எல்லாம் கிளம்பியது. அவளை இழுத்து அப்புறப்படுத்தச் சொல்லி எனக்கு உத்தரவு போட்டார். "எனக்குக் கால் சுளுக்கிட்டுதுங்க" என்று நான் உட்கார்ந்துகொண்டேன்.

மேகம் கட்டியிருந்த ஒருநாள் அக்கா கையில் கொள்ளியோடு வந்தாள், திரும்பும்போது, வெளிச்சம் வெளியே தெரியாத அடர்ந்த காட்டு வழிக்கு வேண்டுமென்று. குளிராக இருந்ததால் காவல்காரன் ஒருவன் விளிம்பில் கொஞ்சம் சுள்ளி போட்டுத் தீ மூட்டியிருந்தான். சத்தம் வந்தது. அக்கா கொள்ளியோடு அவருக்கு எதிரே நடந்தாள். ஆத்திரத்தில் அவர் அவளையும் சேர்த்தே படம் எடுத்துத் தள்ளினார்.

மறுநாள் காலையில் கண்ணாடியைக் கழுவினவர் வெகு நேரம் அசையாமல் நின்றார். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். விமானத்தைக் காணோம், அதை அக்காவின் உருவம் மறைத்திருந்தது. அவள் கிட்டத்தில் நின்றதால் முகம் மங்கல்தான். ஆனால் காமிராவோடு கூடவே நடந்தவள் கையிலிருந்த கொள்ளி இழுபடாமல் ஒரு பொட்டாக இருந்தது. அசையாமல் ஓரிடத்தில் எரிந்த காவல்காரனின் தீயோ கண்ணாடியின் குறுக்கே நீளக் கோடாகக் கிடந்தது. குழந்தைக்கும் புரியும். நடந்த தீ பொட்டு, நின்ற தீ கோடு.

அவர் கண்ணாடியைத் தலைக்கு மேல் தூக்கினார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். "இத ஒடச்சீங்கன்னா இந்தக் கைய ஒடச்சுப் போடுவேனுங்க" என்றேன். மரியாதை விடாமல்தான் சொன்னேன்.

"ஒடைக்கல. வெளிச்சத்துல புடிச்சுப் பாக்கறேன்" என்றார். பார்த்துவிட்டு, "நல்லா வந்திருக்குது" என்றார்.

இதைத்தான் என்னால் இன்றும் செரிக்க முடியவில்லை. எதிரே நின்ற அக்காவின் முகம் அவரை அசைக்கவில்லை. சிறையில் கிடந்த மச்சான் அசைக்கவில்லை. கண்ணாடியில் ஒன்று நல்லா வந்திருந்தது, அதனால் அசைந்தார். அன்று மத்தியானமே இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு, சோளக்காட்டில் தங்கியிருந்த அதிகாரியிடம் போனார்.

எதிரிக்கு வழி காட்டிய தீக்கோடு என்று அதிகாரி மேலிடத்துக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தார். படங்களை மாற்றி மாற்றிப் பார்த்தவருக்கு முகம் கறுத்தது.

"இந்தக் கோட்டுத் தீ யார் போட்டது?"

"உங்க கொட்டாய்க் காவல்காரன் போட்டதுங்க" என்றேன் நான்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. படக்காரரைப் பார்த்தார். "நான் தப்பாப் பார்க்கல. இருந்ததைத்தான் பார்த்தேன். தப்பு உன் படத்துல. உன் படம் பொய் சொல்லுதுன்னு ஒத்துக்க. ஒத்துக்கிட்டா அந்த ஆளை விடச் சொல்றேன்."

படம் பொய் சொல்லவில்லை, தப்பு அதைப் படித்த கண்ணில். படக்காரருக்கு அது தெரியும், எனக்குத் தெரியும், அதிகாரிக்கும் தெரிந்திருக்கும். கோளாறு என்ற சொல்லைக்கூடத் தாங்காத மனிதர் அவர். சூரியனையே திட்டுகிறவர், அதிகாரியைத் திட்டப் போகிறார், மச்சான் உள்ளேயே கிடந்து சாகப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஆமாங்க. பொய்தானுங்க" என்றார்.

எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது என்றால் அந்த ஒரு நிமிஷம்தான். மறு நிமிஷம், இதை அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று பழைய கோபம் திரும்பிவிட்டது. பொய் சொல்கிற காமிரா சர்க்காருக்கு எதற்கு என்று அதிகாரி அதை வாங்கி வைத்துக்கொண்டார். கண்ணாடிகளும் போயின. மச்சானை விடவும், படக்காரரை ஊருக்குப் போகச் சொல்லியும் உத்தரவாயிற்று. உத்தரவு வந்த சமயத்தில் மழையும் இறங்கிவிட்டது. ஊர் விதைத்தது. அக்கா விதைமூட்டையை அவிழ்க்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படக்காரர் மலையிறங்கின அன்று, மருந்துப் புட்டிகளும் தட்டுகளும் இருந்த பெட்டியை நான் தூக்கிக்கொண்டு போனேன். பாதி மலையில், ஒற்றையடிப் பாதையில், எதிரே மச்சான் ஏறி வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். தலைப்பாகை இல்லை. என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கூட இருப்பவர் யாரோ பெரிய மனுசர் என்று கும்பிட்டார்.

"ஏனுங்க, மேல மழ எறங்கிருச்சுங்களா?"

"எறங்கிருச்சுங்க" என்றார் படக்காரர்.

"எல்லாரும் வெதச்சுட்டாங்களா?"

"வெதச்சுட்டாங்க. உங்க காடு மட்டுந்தாங்க வெதைக்காமக் கெடக்குது."

அது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு விளங்கவில்லை. காமிரா கையை விட்டுப் போன பிறகு எதிர்ச்சரிவைப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. பிறகு, "அந்தப் படம் எடுத்தது நாந்தானுங்க" என்றார்.

மச்சான் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அடிப்பார் என்று காத்திருந்தேன். அடிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். பெட்டியை இன்னொரு தோளுக்கு மாற்றி, அவர் கை வீச இடம்கூட விட்டேன்.

"செரிங்க" என்றார் மச்சான். "கொஞ்சம் ஒதுங்குங்க. ஈரங் காயறதுக்குள்ள போவோணும்."

படக்காரர் பாதையை விட்டு முள்ளுக்குள் இறங்கி நின்றார். மச்சான் அவரைத் தாண்டி வேகவேகமாக மேலே ஏறினார். ஒரு ஆளாகக் கொத்தி முடிக்கிற காடு இல்லை அது. நான் பெட்டியைப் பாதை நடுவில் இறக்கி வைத்தேன். "நீங்களே தூக்கிக்குங்க" என்று சொல்லிவிட்டு மச்சானுக்குப் பின்னால் நடந்தேன். படக்காரர் என்னைக் கூப்பிடவில்லை, திட்டவும் இல்லை. வளைவில் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். பெட்டி நான் வைத்த இடத்திலேயே இருந்தது. இன்னும் யாரோ ஏறி வர வேண்டியிருப்பதுபோல, அவர் வழியை விட்டு ஒதுங்கியே நின்றிருந்தார்.